எல்இடி விளக்கும் எவர்சில்வர் தட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த ‘இருநூறு ரூபாயில் நூறு வாட் விளக்கு’ என்ற செய்முறைக் கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். வீட்டில் கிடக்கும் பொருட்களை வைத்து எல்இடி விளக்கு செய்து பாருங்கள் என்று பிள்ளைகளைத் தூண்டுவது நல்ல காரியம். அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. நானே அந்த வேலையில் பிழைப்பவன். மன்னார்குடிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். திருவிழா, கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு என்று எங்கே பந்தல் போட்டாலும் எங்கள் மைக் செட்டும் போகஸ் லைட்டும் போகும். அந்த லைட்டுகளில் பெரும்பாலானவை கடையில் நாங்களே பூட்டியவை. அந்த உரிமையில் சொல்கிறேன்: கட்டுரையில் உள்ள வரிகளை நம்பிச் செய்தால் விளக்கு எரியும், எரிந்த சில நிமிடங்களிலேயே ஒளி தரும் எல்இடி சிப் கருகும். செய்கிறவருக்குப் போதாத வேளையாக இருந்தால் கரண்டும் அடிக்கும்.

கட்டுரை வெளிவந்த வாரத்திலேயே பள்ளி மாணவர்கள் சிலர், அறிவியல் கண்காட்சிக்கு என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் கையில் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு. விளிம்பில் அவன் பாட்டியின் பெயர் வெட்டியிருந்தது. “அண்ணே, இதன் பின்புறம் சிப்பை ஒட்டித் தருவீர்களா?” என்று கேட்டான். கட்டுரையில் அப்படித்தான் போட்டிருக்கிறது: எவர்சில்வர் தட்டின் பின்புறம் உடனடிப் பசையால் நூறு வாட் சிப்பை ஒட்ட வேண்டும், தட்டு சூட்டை இழுத்துக்கொள்ளும், பளபளப்பு வெளிச்சத்தையும் பெருக்கும். எழுதியவர் ஒரு முறையாவது அதைச் செய்து, விளக்கைப் போட்டு, பக்கத்தில் நின்று பார்த்தாரா என்பது எனக்குச் சந்தேகம்.

சூட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய குண்டு பல்பின் இழை ஏறத்தாழ 2,400 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ந்தால்தான் ஒளி தரும். சூடுதான் அதன் பிழைப்பே. அந்தச் சூட்டில் பெரும்பகுதி கதிராக முன்பக்கமாகவே வெளியேறிவிடும். அதனால்தான் ஹாலஜன் முன்னால் நிற்கும் மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டுகிறது. எல்இடியின் ஒளியில் அந்தக் காய்ச்சல் இல்லை என்பதால், அதற்குச் சூடே கிடையாது என்று ஊர் நம்பிவிட்டது. நூறு வாட் மின்சாரம் கொடுத்தால் அதில் முப்பது நாற்பது வாட்தான் ஒளியாக மாறும். மீதி அறுபது எழுபது வாட்டும் சூடாகி, சிப்பின் முதுகில் நிற்கும். அந்த முதுகின் அளவு ஐந்தரை சென்டிமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர். நாங்கள் ஈயம் வைக்கும் சால்டரிங் அயன் 25 வாட்தான். அதுவே 300 டிகிரிக்கு மேல் காய்கிறது. அதைப்போல் இரண்டரை மடங்குச் சூடு இந்தச் சின்னத் தகட்டில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் எல்இடியோ 120 டிகிரியைத் தாண்டினால் தாங்காது.

ஆகவே சூடு பின்வழியாக உடனே வெளியேற வேண்டும். எவர்சில்வர் அதற்கு உதவாத உலோகம். அதைவிட அலுமினியம் பத்து மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். அடியில் செம்பு பூசிய எவர்சில்வர் பாத்திரங்களைக் கடையில் விற்பதே இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான். தட்டில் ஒட்டிய சிப்புக்கு அடியில் மட்டும் நெருப்பாகக் காயும். விளிம்பில் பாட்டியின் பெயர் இருக்கும் இடம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். நடுவிலே வெந்துகொண்டிருக்கும்போது விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடே இல்லை என்று பையன் சந்தோஷப்படுவான். உடனடிப் பசை அதற்கும் மேல் ஒரு வினை. அது சூட்டைக் கடத்தாது, சூடு ஏறினால் பிடிப்பும் விட்டுவிடும்.

நூறு வாட்டுக்கு நான் பயன்படுத்துவது கணினியின் மூளையைக் குளிர்விக்கும் அலுமினியக் கட்டையும் அதன் மேல் சுற்றும் மின்விசிறியும்தான். பென்டியம் 4 காலத்துக் கட்டைகள் கிடைத்தால் விடாதீர்கள். அந்தப் பிராசசர்கள் எண்பது தொண்ணூறு வாட் சூட்டைக் கக்கியவை. அதற்கென்றே செய்த கட்டை இது. காயலான் கடையில் எடைக்குப் போடுகிறார்கள்.

சிப்பை அதில் பூட்டுவதுதான் வேலையிலேயே நிதானம் வேண்டிய இடம். கட்டையின் அடிப்பாகத்தைக் கண்ணாடி மேல் விரித்த நைஸ் உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். நாலு துளை போட்டு மரை வெட்ட வேண்டும். அதன் பிறகு ஹீட் சிங்க் பேஸ்ட். இதைத் தாராளமாகப் பூசினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு உலோகப் பரப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்காமல் நிரப்புவது மட்டும்தான் பேஸ்ட்டின் வேலை. உலோகமும் உலோகமும் தொடும் இடத்தில் அது நடுவே புகுந்தால் இடைஞ்சல். பயறு அளவு வைத்து, சிப்பை அழுத்தித் திருகி, ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். முதுகு முழுவதும் கீழே உள்ள உலோகம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகப் பரவியிருந்தால் சரி. நடுவில் வெள்ளையாகத் திட்டு நின்றால் கட்டை சமமாக இல்லை என்று பொருள், மறுபடியும் உப்புத்தாள்தான். திருகாணிகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரே மூலையில் முழுப்பலத்தைக் காட்டினால் தகடு வளைந்து, சூடு அதிகமுள்ள நடுப்பகுதி கட்டையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும்.

கம்பிக்கு ஈயம் வைப்பதை மட்டும் சிப்பைக் கட்டையில் பூட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பூட்டிய பிறகு வைத்தால் அயனின் சூட்டையெல்லாம் கட்டை உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் பிடிக்காது, பிடித்ததுபோல் தெரிந்தாலும் பந்தலில் ஆடும்போது விட்டுவிடும். மஞ்சள் பரப்பின் மேல் விரல் படவே கூடாது. அந்த மெழுகு போன்ற பூச்சுக்கு அடியில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. அழுத்தினால் அறுந்துவிடும்.

அந்த மஞ்சளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்காட்சிக்குச் செல்லும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டால் நடுவர்களிடம் சொல்லலாம். உள்ளே இருக்கும் எல்இடி வெள்ளை ஒளி தருவதில்லை, நீலம்தான் தருகிறது. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர், நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இவர்களில் ஷுஜி நாகாமுராவை எனக்கு மிகவும் பிடிக்கும். ஜப்பானில் டோக்குஷிமா என்ற மாகாணத்தில், பாஸ்பர் தயாரித்துக்கொண்டிருந்த நிச்சியா என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர். விலைக்கு வாங்கிய இயந்திரம் சொன்னபடி கேட்கவில்லை என்று அதைத் தன் கையாலேயே பிரித்து மாற்றியமைத்து, 1993-இல் பிரகாசமான நீலத்தை உலகுக்குக் காட்டினார். பற்றவைப்பு வேலைகூட அவரே செய்துகொண்டாராம். பட்டறைக்காரனுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்!

அடுத்தது மின்சாரம். பேட்டரியின் 12 வோல்ட்டை பூஸ்டரால் 34 வோல்ட் ஆக்கி ‘நேராகக் கொடுங்கள்’ என்கிறது கட்டுரை. இங்கேதான் பெரிய ஓட்டை. நூறு வாட் சிப்புக்குள் பத்துப் பத்தாகத் தொடுத்த பத்து வரிசைகள், ஆக நூறு எல்இடிகள் இருக்கின்றன. ஒரு எல்இடிக்கு மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேல். பத்துக்கு 30 முதல் 34 வோல்ட். குண்டு பல்புக்கு வோல்ட்டேஜ் கொஞ்சம் கூடினால் வெளிச்சமும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். எல்இடியின் குணம் அப்படி இல்லை. குறிப்பிட்ட வோல்ட்டேஜைத் தாண்டிவிட்டால் கால் வோல்ட், அரை வோல்ட்டுக்கெல்லாம் ஆம்பியர் எகிறும். அதோடு, சூடாக ஆக அதற்குத் தேவைப்படும் வோல்ட்டேஜ் குறையும்: ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட். பத்து எல்இடி வரிசையாக இருக்கிறது, 50 டிகிரி சூடு ஏறியது என்றால் ஒரு முழு வோல்ட் குறைந்துவிடுகிறது. பூஸ்டரோ தன் 34-ஐ விடுவதில்லை. அதனால் ஆம்பியர் கூடும்; ஆம்பியர் கூடியதால் சூடு கூடும்; சூடு கூடியதால் மறுபடி ஆம்பியர் கூடும். தட்டும் சூட்டை வாங்காது என்றால் இந்தச் சங்கிலி எங்கே முடியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எனவே எல்இடிக்குக் கொடுக்க வேண்டியது நிலையான ஆம்பியர். அதைத் தரும் பெட்டிக்குத்தான் டிரைவர் என்று பெயர். கரண்டில் ஓட்ட வேண்டுமானால் ‘30–36 வோல்ட், 3,000 மில்லிஆம்பியர்’ என்று எழுதிய டிரைவர் நூறு வாட்டுக்குப் பொருந்தும். நான் அதையும் வாங்குவதில்லை. 2,100 மில்லிஆம்பியர் டிரைவரைப் போட்டு, நூறு வாட் சிப்பை அறுபத்தைந்து வாட்டில்தான் ஓட்டுகிறேன். வெளிச்சம் அதே விகிதத்தில் குறைவதில்லை, ஏனென்றால் நிதானமாக ஓடும் எல்இடி கொடுத்த மின்சாரத்துக்குக் கூடுதலாக ஒளி தரும். சூடு நன்றாகக் குறைந்துவிடும். பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யாரும் வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததில்லை.

டிரைவரில் உள்ளீடும் வெளியீடும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்த வகையாகப் பார்த்து, ஐ.எஸ். 15885 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளதாக வாங்க வேண்டும். அலுமினியக் கட்டையைத் தவறாமல் எர்த் செய்ய வேண்டும். விசிறி நின்றுபோனால் என்ன ஆகும் என்ற கேள்விக்குக் கட்டுரையில் பதில் இல்லை. விசிறியே அதில் இல்லையே! 70 டிகிரி வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சின்ன தெர்மல் கட்-ஆப் கிடைக்கிறது. அதைக் கட்டையின் மேல் திருகி, டிரைவருக்குப் போகும் கம்பியில் தொடராக இணைத்துவிட்டால் தூங்கலாம்.

பூஸ்டரைக் காட்டிலும் என்னைப் பதறவைத்தது கட்டுரையின் கடைசிப் பத்தி. பீஸ் போன வீட்டு எல்இடி பல்பின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் தகட்டையும் கூடுதல் வெளிச்சத்துக்கு அப்படியே மாட்டிக்கொள்ளலாம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்கள். இன்று விலை குறைந்த பல்புகள் பலவற்றில் தனி டிரைவர் கிடையாது. வீட்டு 230 வோல்ட்டைத் திருத்தி, 320 வோல்ட்டைத் தொடும் டிசியாக்கி, நேராக அந்தத் தகட்டின் மேலிருக்கும் எல்இடிகளில் விடுகிறார்கள். பிளாஸ்டிக் மூடி இருக்கும்வரைதான் அது பல்பு. மூடியைக் கழற்றிவிட்டால் ஒவ்வொரு மஞ்சள் புள்ளியும் லைன் கம்பிக்குச் சமம். அதைத் தட்டோடு சேர்த்து மாட்டச் சொன்னால், தட்டைத் தொடுகிறவர் கதி? இந்த ஒரு பத்திக்காகவாவது தாங்கள் திருத்தம் வெளியிட வேண்டும்.

குறை சொல்லிவிட்டுப் போக நான் இதை எழுதவில்லை. பிள்ளைகள் செய்யட்டும், நூறு வாட்டில் தொடங்காமல் பத்து வாட்டில் தொடங்கட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மின்கம்பங்கள் வயலில் படுத்துவிட்டன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி விலை ஏறிக்கொண்டே போனது. அந்த நாட்களில் எங்கள் கடையில் இரவும் பகலும் செய்தது இந்தப் பத்து வாட் விளக்கைத்தான். அதன் சிப்பில் மூன்று எல்இடி வரிசையாக இருப்பதால் பத்து வோல்ட் அளவில் எரியும். 12 வோல்ட் பேட்டரிக்குப் பொருத்தமானது.

பொருத்தம் என்பதால் பலர் பேட்டரியிலேயே நேராகச் சொருகினார்கள். சும்மா இருக்கிற பேட்டரி 12.5 வோல்ட் காட்டும். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அதே முனையில் 14.4 வரை ஏறும். டிராக்டர் பேட்டரியில் விளக்கைக் கட்டிவிட்டு, சார்ஜ் ஏறட்டும் என்று என்ஜினைப் போட்டவர்களின் சிப்புகள் கண்ணெதிரே நீலமாக மின்னி அணைந்தன. நாங்கள் நடுவில் 4.7 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்தோம். என்ஜின் ஓடும்போதும் ஒரு ஆம்பியரைத் தாண்டாது. நிற்கும்போது அரை ஆம்பியருக்குச் சற்று மேலே ஓடும். டிரைவரின் நேர்த்தி இதில் இல்லைதான். ரெசிஸ்டர் கொஞ்சம் மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கும். ஆனால் புயலுக்கு மறுநாள் டிரைவருக்கு எங்கே போவது? அந்த அரை ஆம்பியரில் பழைய 40 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் வந்தது. மோட்டார் சைக்கிளின் 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி இறங்குவதற்கே நாலு மணி நேரம் ஆகும். சமையலுக்கும், பிள்ளைகள் படிப்பதற்கும், விழுந்த தென்னைகளுக்கு நடுவே வழி பார்த்து வருவதற்கும் போதுமாக இருந்தது. சிப்பின் முதுகில் உள்ளங்கை அகல அலுமினியச் சட்டம்; ஜன்னல் வேலை செய்யும் கடையில் கழித்துப்போட்ட துண்டுகள். இந்த விளக்கைச் செய்கிறவனுக்குக் கரண்ட் அடிக்காது, சூடும் கைக்கு அடங்கும். ரெசிஸ்டரின் கணக்கை அவனே போட்டுப் பார்க்கலாம். பள்ளியில் படித்த ஓம் விதி முதல்முறையாக ஒரு வேலைக்கு உதவியதைக் கண்ட பையனின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நூறு வாட்டுக்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்டால், எங்கள் தொழிலில் அதன் லாபம் வேறு. 500 வாட் ஹாலஜன் தரும் ஒளியை நல்ல நூறு வாட் எல்இடி தந்துவிடும். ஹாலஜனில் பத்து விளக்கு என்றால் ஐந்து கிலோவாட். அதற்கேற்ற ஜெனரேட்டர், அதற்கேற்ற டீசல், அதை இழுத்துவர ஒரு வண்டி. எல்இடியில் அதே பந்தல் ஒரு கிலோவாட்டில் முடிந்துவிடுகிறது. என் அப்பா காஸ் லைட்டுக்குக் காற்றடித்துத் தலையில் சுமந்து ஊர்வலம் போனவர். அவர் இருந்து இதைப் பார்த்திருந்தால் முதலில் நம்பியிருக்கமாட்டார், பிறகு வாடகையைப் பாதியாகக் குறைத்து அடுத்த ஊர்க்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருப்பார்.

வெளிச்சத்தின் நிறத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கடையில் கேட்டால் எடுத்துக்கொடுப்பது 6,500 கெல்வின் என்னும் நீலம் கலந்த வெள்ளை. பார்வைக்குப் பிரகாசம், அதனால் எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். அம்மன் சந்நிதியில் சந்தனக்காப்பு அலங்காரத்துக்கு எதிரே அதை வைத்துப் பாருங்கள். சந்தனம் சுண்ணாம்பாகத் தெரியும். அரக்குப் பட்டுக்கு உயிர் போய்விடும். கல்யாணத்தில் பெண் வீட்டார் நகைக்கு இத்தனை செலவு செய்துவிட்டு, விளக்குக்காரன் புண்ணியத்தில் அது பித்தளையாகத் தெரிந்தால் சும்மா விடுவார்களா? நான் சந்நிதிக்கும் மணமேடைக்கும் 3,000 கெல்வின்தான் போடுவேன். ஐப்பசியில் வயலிலிருந்து பச்சைப் பூச்சி விளக்கைத் தேடி மொய்க்கும் காலத்தில் இந்த மஞ்சள் வெளிச்சத்துக்குக் கூட்டம் குறைவு என்பது உபரி லாபம். இலையில் பூச்சி விழவில்லை என்று சமையல்காரர் முதல் ஆளாக நன்றி சொல்வார். வெள்ளையை வாகனம் நிறுத்துமிடத்துக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் அனுப்பிவிடுவேன்.

சந்தையில் விற்கும் ஆயத்த விளக்குகளைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரியில் ‘அவை விலை அதிகம்’ என்று முடித்துவிட்டார். விலை குறைவாகவும் நிறையவே விற்கிறது, அதுதான் தொல்லை. அட்டையில் நூறு வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வாட் மீட்டரில் மாட்டினால் நாற்பதுகூடக் காட்டாது. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நூறு வாட்டின் சூட்டைத் தள்ள வேண்டிய அலுமினியம் கனமாக இருந்தாக வேண்டும். காகிதம்போல் இருந்தால் அது எதையோ மறைக்கிறது. வாங்குகிறவர்கள் வாட்டைக் கேட்காமல், ஒளியின் அளவைச் சொல்லும் லூமனைக் கேட்கப் பழக வேண்டும்.

எங்கள் பக்கத்து ஊராட்சிகளில் தெருவிளக்கு பீஸ் போனால் பெட்டியோடு கழற்றிக் குப்பையில் போடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அப்படித் தூக்கி எறிந்தவற்றை வாங்கிவந்து பிரித்திருக்கிறேன். எல்இடி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். டிரைவருக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் தலை உப்பிப் போயிருக்கும். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதைக் கொண்டுபோய்க் காயும் தகட்டின் முதுகிலேயே காற்றில்லாமல் அடைத்துவைத்தால் எத்தனை நாள் தாங்கும்? சில ரூபாய்க் கெப்பாசிட்டர் ஒன்று மாற்றினால் அந்த விளக்கு மறுபடி தெருவுக்குப் போகும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஐடிஐ படித்த பிள்ளைகள் இரண்டு பேருக்கு இந்த வேலையைக் கொடுத்தால் ஆகிற செலவு, புது விளக்கு வாங்கும் செலவில் ஓரத்துக்கும் காணாது. தங்கள் நாளிதழ் எழுதினால் அதிகாரிகள் காதில் விழும். நான் சொன்னால், வியாபாரத்துக்குச் சொல்கிறான் என்பார்கள்.

கட்டுரையின் தலைப்பில் இருக்கும் இருநூறு ரூபாய்க்கு வருகிறேன். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் சிப் மட்டும் இருநூறு முன்னூறு ரூபாய்க்குக் கிடைப்பது உண்மை. டிரைவர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கட்டை, விசிறி, விசிறிக்குத் தனி 12 வோல்ட் சப்ளை, கட்-ஆப், மூன்று முள் பிளக், கம்பி எல்லாம் சேர்த்தால் ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறையாது. அதில் சிப்பின் பங்கு மிகச் சிறியது. அதனால் திருத்தம் வெளியிடும்போது தலைப்பையும் மாற்றிவிடுங்கள். எரியும் சிப்பை யாரும் வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது என்ற வரியையும் சேர்க்க வேண்டும். பையன்கள் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள். புள்ளிகளில் எது எரிகிறது என்று சோதிக்க வேண்டுமானால் வெல்டிங் கண்ணாடி வழியாகப் பார்க்கட்டும்.

தட்டோடு வந்த பையன்கள் இப்போது பத்து வாட் விளக்கு செய்து முடித்துவிட்டார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து யாராவது வந்தாலும் சொல்லித் தருவேன். பங்குனி மாதத்தில் மட்டும் வர வேண்டாம். ராஜகோபாலசாமி கோயில் திருவிழா முடியும்வரை எங்கள் கடையில் ஈ எறும்புக்குக்கூடப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர்,
மன்னார்குடி வட்டம்.

பின்குறிப்பு: கட்டுரையோடு வந்த படத்தில் சிப்பின் கூட்டல் முனைக்குக் கறுப்புக் கம்பியும் கழித்தல் முனைக்குச் சிவப்புக் கம்பியும் இணைத்துக் காட்டியிருக்கிறார்கள். எல்இடி ஒரு டயோடு, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது. தலைகீழாகக் கொடுத்தால் எரியாது. பத்து எல்இடி வரிசையாக இருப்பதால் 34 வோல்ட்டைத் தலைகீழாகக் கொடுத்தாலும் பெரும்பாலும் பாதகம் இல்லை. ஆகவே எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துச் செய்த வாசகர்களின் சிப்புகள் இன்னும் பத்திரமாக இருக்கும். திருத்தம் வெளியிடும்போது படத்தைக் கடைசியாகத் திருத்துங்கள்.